கரிக்கு வந்த வாழ்வு

பி.காம். படித்தவனுக்கு இரண்டு விஷயங்கள் ஆயுசுக்கும் மறக்காது. ஒன்று, விடிய விடிய உட்கார்ந்தும் டாலி ஆகாத பாலன்ஸ் ஷீட். இன்னொன்று, ஆடம் ஸ்மித்தின் தண்ணீரும் வைரமும்.

பி.காம். படிக்காத புண்ணியவான்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1776-ல் ஸ்மித் ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். அதில் ஒரு சந்தேகம் கேட்டார். தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது. ஆனால் அதற்கு விலை இல்லை. வைரத்தால் காலணாப் பிரயோஜனம் இல்லை. ஆனால் யானை விலை. இது என்னய்யா நியாயம்? இதற்குச் சரியான பதில் கிடைக்க கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆயிற்று. 1870-களில் வந்த பொருளாதார நிபுணர்கள், 'மொத்தமாக எவ்வளவு உபயோகம் என்பதில்லை, கடைசியாகக் கைக்கு வரும் ஒரு குடம் எவ்வளவு உபயோகம் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது' என்றார்கள்.

எங்கள் புரொபசர் இதை மூன்று பீரியட் நடத்தினார். எனக்குப் புரியவில்லை. 2019 ஜூனில் சென்னை ஏரிகள் வற்றிப்போய், நான் பனியனோடு இரண்டு பிளாஸ்டிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடினேன் பாருங்கள், அன்றைக்குத் தண்ணீர் புரிந்துவிட்டது.

வைரம் புரிய மேற்கொண்டு மூன்று வருஷம் ஆனது.

2022-ல் எனக்கு ஃபிளாட் வாங்கும் ஆசை வந்தது. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம். 'ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிஷம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எந்த வாகனத்தில் என்று போடவில்லை. பாங்கில் லோனுக்குப் போனேன்.

“ஸார் என்ன பண்றீங்க?” என்றார் ஆபீஸர்.

“பத்திரிகைகளுக்கு எழுதறேன்.”

“சந்தோஷம். வேலைக்கு எங்க போறீங்க?”

நிலைமை புரிந்திருக்கும். முதலில் கையிலிருந்து ஐந்து லட்சம் போட்டால் மேற்கொண்டு பேசலாம் என்றார். என் கையில் ஒன்றரை லட்சம் இருந்தது. மீதிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். குனிந்தபோது காதில் பளிச்சென்று ஒரு மின்னல்.

புரிந்துவிட்டதா? நானும் ஒரு மகன்தானே ஸார்.

*

அம்மாவின் தோடு ஏழு கல் தோடு. நடுவில் பெரிசாக ஒன்று, சுற்றிலும் ஆறு. இரண்டு காதுக்கும் சேர்த்துப் பதினாலு. 1984-ல் அம்மா கல்யாணத்துக்குத் தாத்தா போட்டது. “சாதாரணக் கல் இல்லைடா, ப்ளூ ஜாகர்!” என்று சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ப்ளூ ஜாகர் என்பது ஏதோ வெள்ளைக்கார நகைக்கடை முதலாளியின் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டைன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வைரச் சுரங்கம். அதில் கிடைத்த நல்ல கற்கள் வெயிலில் மெலிசாக நீலம் அடிக்கும். சூரிய வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் சில வைரங்கள் அப்படி ஒளிரும். சுரங்கத்தை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் யார் வீட்டில் கேட்டாலும் 'எங்களுது ப்ளூ ஜாகர்' என்கிறார்கள். அத்தனையும் நிஜமென்றால் அந்த ஊரில் இன்றைக்குப் பள்ளம் மட்டும்தான் இருக்கவேண்டும். ஊர் இருக்க முடியாது.

வைரம் சும்மா காசு கொடுத்தால் வந்துவிடாது, 'ஒத்துக்கொள்ள' வேண்டும். வாங்கியதும் தலையணைக்கு அடியில் மூன்று ராத்திரி வைத்துப் பார்த்தார்களாம். கெட்ட கனவு வந்தால் கடைக்குத் திரும்பிவிடும். அம்மாவுக்கு வந்தது நல்ல கனவுதான். மூன்றாவது நாள் அப்பாவையே கனவில் பார்த்தாளாம். “அதைத்தான் நல்ல சகுனம்னு நினைச்சுட்டோம்” என்பாள், அப்பா காதில் விழுகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தோட்டைக் கழற்றுவாள். வைரத்துக்குத் தண்ணீர் ஒட்டாது. எண்ணெய் மட்டும் ஆசையாக ஒட்டிக்கொள்ளும். சுரங்கங்களிலேயே கிரீஸ் தடவிய பலகைமேல் நொறுக்கிய மண்ணைத் தண்ணீரோடு ஓடவிட்டு, வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ள மற்றதெல்லாம் ஓடிவிடுகிற மாதிரி ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. பூந்திக்கொட்டை தெரியும். ஊறவைத்த தண்ணீரில் தோட்டைப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு கல்லாக வாயால் ஊதி, புடவைத் தலைப்பால் துடைப்பாள். பதினாலு கல்லுக்கும் பதினாலு ஊதல். சின்ன வயசில் நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன்.

அந்தத் தோட்டைத்தான் கேட்டேன். நேரே கேட்க வாய் வரவில்லை. “ஃபிளாட்டுன்னா இந்தக் காலத்துல ஒரு இன்வெஸ்ட்மென்ட்மா” என்று ஆரம்பித்து, வீட்டு வாடகை ஏறுகிற வேகம், டெப்ரிசியேஷன், உபயோகமில்லாமல் முடங்கிக் கிடக்கும் சொத்து என்று கால் மணி நேரம் பேசினேன். அம்மா கேட்டுக்கொண்டே தோட்டைக் கழற்றி, குங்குமச் சிமிழில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள்.

“எனக்கு எதுக்குடா இந்த வயசுல? எடுத்துட்டுப் போ.”

ஆட்சேபம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அப்பா பேப்பரைக் கீழே வைத்தார்.

“இப்ப எதுக்கு அதை விக்கணும்? காலம் கெட்டுக் கெடக்கு. நீ பராக்குப் பார்த்துட்டு நிப்பே, கடைக்காரன் கல்லை மாத்திடுவான்.”

“நான் பார்த்துக்கறேன்பா.”

“கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்க்கணும். நானும் வரேன்.”

அவருக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியாது. நான் மட்டும் போனேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தோட்டின்மேல் அவருக்கு இத்தனை பாசமா என்று ஆச்சரியமாக இருந்தது.

*

தி.நகரில் ஒரு சந்து. முதல் மாடியில் ஒரு சின்ன ரூம். வெள்ளைத் துணி விரித்த மேஜை, ஒரு விளக்கு, எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். சிநேகிதன் சொல்லி அனுப்பியிருந்தான், 'ஏமாத்தமாட்டார், ஆனா நிறையப் பேசுவார்' என்று. இரண்டுமே உண்மை.

“வைரம்னா என்ன தம்பி?” என்றார் எடுத்த எடுப்பில்.

“நவரத்தினத்துல ஒண்ணு.”

“கரி” என்றார். “உங்க வீட்டு அடுப்புக் கரி. பென்சில்ல இருக்கே, அதுவும் இதுவும் அண்ணன் தம்பி.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1772-ல் லவாய்ஸியர் என்ற பிரெஞ்சுக்காரர் பெரிய லென்ஸால் வெயிலைக் குவித்து ஒரு வைரத்தை எரித்தே பார்த்திருக்கிறார். காற்றோடு போய்விட்டது. 1797-ல் டெனன்ட் என்ற ஆங்கிலேயர் கரியையும் வைரத்தையும் ஒரே எடை எடுத்து எரித்து, இரண்டிலிருந்தும் ஒரே அளவு வாயுதான் வருகிறது என்று காட்டினார். பூமிக்கு அடியில் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் கீழே, கோடிக்கணக்கான வருஷம் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்த கரி, எரிமலை வழியாக மேலே வந்தால் வைரம். ஆபீஸில் பிரஷர் தாங்கவில்லை என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.

அந்தக் கரிக்கு உலகத்திலேயே முக்கியமான முகவரியாக ரொம்ப காலம் இருந்தது நம் நாடுதான். கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கங்களில் எடுத்து, கோல்கொண்டாவில் விற்று, உலகத்து ராஜாக்களுக்கெல்லாம் அனுப்பினோம். 1720-களில் பிரேசிலில் கிடைத்தது. 1867-ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அதற்கப்புறம் நமக்குக் கல் எடுக்கிற வேலை போய்ப் பட்டை தீட்டுகிற வேலை மிச்சமாயிற்று. இன்றைக்கு உலகத்தில் பட்டை தீட்டப்படும் பத்துக் கல்லில் ஒன்பது சூரத் பக்கம்தான் தீட்டப்படுகிறது என்கிறார்கள்.

பெரியவர் சிமிழைத் திறந்து தோட்டை வெள்ளைத் துணியில் வைத்தார். உடனே பார்த்துவிடவில்லை. முதலில் பாடம்.

“நாலு விஷயம் தம்பி. எடை, நிறம், சுத்தம், வெட்டு.”

எடைக்குக் காரட். ஒரு காரட் என்றால் 200 மில்லிகிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். நிலத்துக்கும் சென்ட், வைரத்துக்கும் சென்ட். இரண்டிலுமே என் பேரில் அரை சென்ட் கிடையாது. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பத்து சென்ட் கல் பத்து சேர்ந்தால் ஒரு காரட் எடை வரும். ஒரு காரட் ஒற்றைக் கல்லின் விலை வராது. பெரிய கல் அபூர்வம் என்பதால் விலை தனி ஏணியில் ஏறும்.

நிறத்துக்கு இங்கிலீஷ் எழுத்துகள். ஆனால் வரிசை 'டி'யில்தான் ஆரம்பம். அதற்கு முன்பே 'ஏ', 'பி', 'சி' என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்துக் குழப்பியிருந்ததால், புதுசாகப் போட்டவர்கள் 'டி'யிலிருந்து தொடங்கிவிட்டார்கள். 'டி' என்றால் நிறமே இல்லாதது. 'இஸட்' பக்கம் போகப்போக மஞ்சள் தட்டும். சுத்தம் என்பது உள்ளே புள்ளி, ரேகை, மேகம் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்பது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்துப் பதினோரு வகுப்பாகப் பிரிக்கிறார்கள்.

“இதெல்லாம் பூமி கொடுத்தது. வெட்டு மட்டும்தான் மனுஷன் கொடுக்கறது” என்றார் பெரியவர். வைரத்துக்குள் போன வெளிச்சம் சுலபத்தில் வெளியே வராது. உள்ளேயே சுவருக்குச் சுவர் மோதிவிட்டு, வந்த வழியே மேலே திரும்பும். அதுதான் ஜொலிப்பு. பட்டையின் கோணம் கொஞ்சம் தப்பினால் வெளிச்சம் அடி வழியாக ஒழுகிவிடும். கல் மங்கலாகத் தெரியும். சுமாரான நிறமுள்ள கல்கூட நல்ல வெட்டில் பிழைத்துவிடும். நல்ல கல் மோசமான வெட்டில் கெட்டுப்போகும்.

“உலகத்துலேயே கெட்டியான பொருள், இல்லையா?” என்று கேட்டேன். எனக்கும் ஏதாவது தெரியும் என்று காட்டிக்கொள்ளவேண்டாமா?

“ராங்க்ல முதல். மாணிக்கமும் நீலமும் ரெண்டாவது. ஆனா மார்க்கைப் பார்த்தா ரெண்டாவது ராங்க்கைவிட நாலு மடங்கு. அதனால வைரத்தை வைரத்தாலதான் தீட்டணும், வேற எதாலயும் கீற முடியாது.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா ஒரு சுத்தியலை எடுத்து ஓங்கி ஒண்ணு போடுங்க. தூள்.”

“தூளா?”

“கீறல் விழாதது வேற, உடையாதது வேற தம்பி. அதுக்குன்னு ஒரு வாட்டம் இருக்கு. அந்த வாட்டத்துல அடி விழுந்தா ஒரே தட்டுல பிளந்துடும். வெளியில பார்த்தா ரொம்பக் கெட்டியாத் தெரியறதெல்லாம் அப்படித்தான்.”

ஆடம் ஸ்மித்தை இழுத்தேன், நகையைத் தவிர இதனால் என்ன பிரயோஜனம் என்று. பெரியவர் சிரித்தார்.

“நீங்க வாங்கப்போற ஃபிளாட்ல டைல்ஸ் வெட்டுவாங்க பாருங்க, அந்த பிளேடு முனையில இருக்கறது வைரத்தூள். கிச்சன் கிரானைட் மேடையைப் பாறையிலேர்ந்து அறுத்தது வைரம். ஏ.ஸி. பைப்புக்கு கான்கிரீட்ல ஓட்டை போடறாங்களே, அதுக்கும் வைரம். பல் டாக்டர் கர்ருனு ஒரு மெஷினை வாய்க்குள்ள விடறாரே, அதோட முனையிலயும் வைரம்தான்.”

என் கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வைரத்தால் ஏற்கெனவே தீட்டப்பட்டவன் நான்! இந்த வேலைகளுக்கெல்லாம் இப்போது பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்த வைரம்தான். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் செய்து காட்டினார்கள். ஸ்மித் இன்றைக்கு இருந்தால் அந்தப் பாராவைத் திருத்தி எழுதவேண்டியிருக்கும்.

*

பாடம் முடிந்து பெரியவர் ஒரு பேனா மாதிரிக் கருவியை எடுத்தார். டெஸ்டர். வைரம் சூட்டை செம்பைவிட ஐந்து மடங்கு வேகமாகக் கடத்தும். பேனாவின் சூடான முனையை வைத்தால் சூட்டை உறிஞ்சிவிடும். உடனே 'கீ' என்று சத்தம் வரும்.

வலது தோடு. கீ, கீ, கீ... ஏழு தடவை.

இடது தோடு. ஓரத்துக் கல் ஆறும் கீ. நடுக்கல்லில் வைத்தார். சத்தம் இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இல்லை.

லென்ஸைக் கண்ணில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

“சுத்தி இருக்கற கல்லோட பட்டை முனையெல்லாம் பாருங்க, கத்தி மாதிரி இருக்கா? நடுக்கல்லைப் பாருங்க. முனை தேஞ்சிருக்கு. இது அமெரிக்கன் டைமண்ட் தம்பி. பெட்டியில மத்த வைரத்தோட உரசி உரசியே தேஞ்சிருக்கு. கட்டையும் ஒரு தடவை பிரிச்சு மறுபடி கட்டியிருக்காங்க.”

“எப்ப மாத்தியிருப்பாங்க?”

“இருபது, இருபத்தஞ்சு வருஷம் இருக்கும்.”

இருபத்துநாலு வருஷம். எனக்குக் கணக்குப் போட பேப்பர் தேவைப்படவில்லை.

1998. எனக்கு ஒன்பது வயசு. அப்பா பி.எஃப்.பில் லோன் போட்டு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் டெபாஸிட் செய்திருந்தார். 24 சதவீத வட்டி. அந்தக் காலத்தில் பாதி சென்னை செய்த காரியம்தான். ஒருநாள் போனால் கம்பெனி வாசலில் பூட்டு. பூட்டுக்கு முன்னால் நானூறு பேர். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து லைட் போடாமல் உட்கார்ந்திருந்தார். எப்போதும் கத்துகிற மனுஷர், மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூன் மாசம். எனக்கும் அக்காவுக்கும் ஸ்கூல் ஃபீஸ் கட்டவேண்டிய சமயம்.

நாலாம் நாள் அம்மாவிடம், “தோட்டுல திருகு தேஞ்சிருக்கு போலிருக்கே, குடு, ஆசாரிகிட்ட காட்டிட்டு வரேன்” என்றார். என்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு சௌகார்பேட்டை வரை மிதித்தார். நான் கீழே சைக்கிளுக்குக் காவல் நின்றேன். மாடியிலிருந்து இறங்கிவர ரொம்ப நேரமாயிற்று. வந்ததும் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

“யார்கிட்டயும் சொல்லாதே” என்றார்.

சொல்லவில்லை. அவர் ரோஸ் மில்க்கைச் சொல்கிறார் என்றே இருபத்துநாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் தொண்டை கட்டும் என்று திட்டுவாளே!

“பதிமூணு கல்லு, தங்கம் எல்லாம் சேர்த்து எழுபத்தெட்டாயிரம் தரலாம்” என்றார் பெரியவர். நான் மனசுக்குள் நாலு லட்சம் என்று எழுதிவைத்திருந்தேன். வாங்குகிற விலை வேறு, விற்கிற விலை வேறு. கடையில் வாங்கும்போது கல்லோடு வாடகைக்கும், ஏ.ஸி.க்கும், வாசலில் வணக்கம் சொல்கிறவருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். விற்கும்போது கல் மட்டும்தான் திரும்பி வருகிறது. சொத்துப் பட்டியலில் வைரத்தை எந்த மதிப்பில் எழுதவேண்டும் என்று கேட்டால் இப்போது சொல்வேன்.

வேண்டாம் என்று சிமிழை மூடி எடுத்துக்கொண்டேன். பெரியவர் பைசா வாங்கவில்லை.

*

திரும்பி வரும்போது பஸ்ஸில் பொய் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது? முப்பத்தெட்டு வருஷத்துத் தோடு. கல் போனது ஒரு பக்கம். யார் எடுத்தது என்று தெரிந்தால்? அப்பாவுக்கு எழுபது வயசு. இந்த வயசில் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு ஃபிளாட்டில் நான் என்ன கிரகப்பிரவேசம் நடத்துவது?

வாசலில் அப்பா. “பஸ்ல கூட்டமா?” என்றார். தோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

சமையலறைக்குப் போய் சிமிழை அம்மாவிடம் கொடுத்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமல், சின்னக் குரலில் கேட்டாள்.

“பதிமூணு கல்லுக்கு என்ன சொன்னான்?”

நான் பேந்தப் பேந்த முழித்தேன்.

“அம்மா... உனக்கு...”

“மெதுவாப் பேசு. முன்னாடி உட்கார்ந்திருக்கார்.”

“எப்பம்மா தெரியும்?”

“அவர் ஆசாரிகிட்ட போய்ட்டு வந்தாரே, அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையே தெரியும். வாயால ஊதினா மத்த கல்லெல்லாம் உடனே தெளிஞ்சுடும். அது ஒண்ணு மட்டும் பனி மூடின மாதிரி கொஞ்ச நேரம் நிக்கும்.”

டெஸ்டர் பேனா செய்கிற அதே வேலைதான். வைரம் சூட்டை வேகமாகக் கடத்துவதால் மூச்சின் ஈரம் அதன்மேல் நிற்காது. பெரியவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதை, அம்மா பூந்திக்கொட்டைத் தண்ணீரிலேயே 1998-ல் கண்டுபிடித்துவிட்டாள்.

“ஏம்மா கேட்கலை?”

“கேட்டா என்னடா சொல்லுவார் பாவம்? அந்த மூணு நாள் அவர் இருந்த இருப்பைப் பார்த்தவ நான். ஃபீஸ் கட்டின ரசீதைச் சாமி படத்துக்கிட்ட வெச்சாரே, அப்பவே புரிஞ்சுபோச்சு. அவரா சொல்லட்டும்னு இருந்தேன். அவர் சொல்லலை. அப்புறம் அப்படியே பழகிப்போச்சு.” வெங்காயத்தை வாணலியில் போட்டாள். “நீ ஒண்ணும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதே.”

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பா மொட்டைமாடிக்கு வந்தார். முழங்கால் வலியோடு அத்தனை படியும் ஏறி வந்திருந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

“கடையில... எல்லாக் கல்லும் பார்த்தானா?”

“பார்த்தார்பா. மெஷின் வெச்சுப் பார்த்தார்.”

“என்ன சொன்னான்?”

“பதினாலும் ஒசத்திக் கல்லாம். வெலைதான் படியலை. அதான் கொண்டுவந்துட்டேன்.”

ரொம்ப நேரம் பேசவில்லை. கீழே ஒரு ஆட்டோ போயிற்று. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ப்ளூ ஜாகர்னா சும்மாவா?” என்றார்.

*

ஃபிளாட் வாங்கவில்லை. இன்றைக்கும் வாடகை வீடுதான். அப்பா 2024-ல் காலமானார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. காரியம் முடிந்த அன்று ஓர் அத்தை அம்மாவின் காதைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா பார்த்த பார்வையில் அத்தை காபியைக் குடிக்கப் போய்விட்டாள்.

போன மாசம் எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போதெல்லாம் லாபில் வளர்க்கும் வைரம் வந்துவிட்டது. மெல்லிய வைரத் துண்டு ஒன்றை விதை மாதிரி வைத்து, மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைச் சூடாக்கினால், கரி படிந்து படிந்து சில வாரங்களில் கல் வளர்ந்துவிடும். அமெரிக்கன் டைமண்ட் மாதிரிப் போலி இல்லை. அதே கரி, அதே கெட்டி, அதே ஜொலிப்பு. டெஸ்டரும் கீ என்னும். எது பூமியில் விளைந்தது, எது லாபில் விளைந்தது என்று பெரிய கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 2023 ஜூனில் நம் பிரதமர் அமெரிக்க அதிபரின் மனைவிக்கு ஏழரை காரட்டில் பரிசு கொடுத்தது இந்த ஜாதிக் கல்தான். அதே வருஷம் நம் சென்னை ஐ.ஐ.டி.க்கு இந்த ஆராய்ச்சிக்கென்றே ஐந்து வருஷத்துக்கு 243 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நிறையப் பேர் செய்ய ஆரம்பித்ததால் விலையும் மளமளவென்று இறங்கிவிட்டது. ஆடம் ஸ்மித்தின் வைரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. பத்திரிகைக்கு எழுதுகிறவன்கூட வாங்குகிற விலைக்கு வந்துவிட்டது என்றால் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை அம்மா தோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“அந்த நடுக்கல்லை எடுத்துட்டு நிஜ வைரமே போட்டுடலாம்மா. கால் காரட் கல்லு. நான் வாங்கித் தரேன்.”

நல்ல மகன் என்ற பெயர் வாங்க இதைவிட மலிவான சந்தர்ப்பம் கிடைக்காது என்று நினைத்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“வேண்டாம். அந்தக் கல்லை மட்டும் தொடாதே.”

“ஏம்மா? அது ஒண்ணுதானே போலி?”

“மத்த பதிமூணும் எங்கப்பா போட்டது. அது ஒண்ணுதாண்டா உங்கப்பா எனக்கு வாங்கித் தந்தது.”

சொல்லிவிட்டுக் குனிந்து ஒவ்வொரு கல்லாக ஊதினாள். நடுக்கல்லில் பனி நின்றது. அது தானாகத் தெளிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலைப்பால் துடைத்துக் காதில் போட்டுக்கொண்டாள்.